மேடு ஏறாத கார்

மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று நம்மவர் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்தார் என்றால் மனைவியிடம் சொன்னார் என்று அர்த்தமில்லை. அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

மச்சான் தங்கமான மனுஷர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்கள் கைவிட்டுப் போனதும் விருந்தாளிகளைப் பிடித்துக்கொண்டார். மலைமேல் வீடு. விடியுமுன் எழுப்பிச் சரிவில் ஓடவிட்டு, முட்டியைத் தூக்குங்க மாப்பிள்ளை என்று பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு வருவார். போன தடவை ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்த நம்மவர், ஒரு வாரம் அலுவலகப் படிகளைப் பக்கவாட்டில்தான் ஏறினார்.

ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தமில்லாமல் போய்க் காரின் பானெட்டைத் திறந்தார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய கிழட்டு வண்டி. என்ஜினில் நாலு பிளக், நாலுக்கும் தனித்தனி ஒயர். முதல் ஒயரின் தொப்பியை லேசாகத் தூக்கி, பிளக்கில் படாமல், ஆனால் பார்த்தால் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது போல வைத்தார். நாலில் ஒன்று வேலை செய்யாது. வண்டி உதறும், திக்கும், மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். அப்புறம் மலையாவது மச்சானாவது. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சனிக்கிழமை காலை மனைவியை ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை ஓட்டிக் காட்டினார். வண்டி இருமியது, குலுங்கியது, சின்ன மேட்டிலேயே மூச்சுவாங்கி நின்றது.

"மிஸ்ஸிங் அடிக்குதும்மா. இழுவையே இல்ல. இத நம்பி மலை ஏறினா அவ்வளவுதான்" என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேங்க. மாப்பிள்ளை எதுக்குச் சிரமப்படணும், நாளைக்கு நானே வரேன்னுட்டாரு. வண்டி சரியாகுற வரைக்கும் இங்கேயே இருந்து கூடமாட உதவி பண்றாராம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பழைய வண்டியாச்சே. ஒரு மாசம் ஆனாலும் பரவாயில்லைன்னாரு."

நம்மவர் டீயைப் பாதியில் கீழே வைத்தார். ஒரு ராத்திரிக்குப் பயந்தவர் தலையில் ஒரு மாதம் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். ஒயரை அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினார். வண்டி அதே இருமலை இருமியது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூக்கிவிட்டது முதல் ஒயர்தானா? முதல் என்றால் எந்தப் பக்கத்திலிருந்து முதல்? நேற்று நின்ற இடத்தில், நேற்று நின்ற மாதிரியே குனிந்து நின்று பார்த்தார். சந்தேகமே இல்லை, அதேதான். கழற்றினார், மாட்டினார். பிளக்கைத் துடைத்தார், ஊதினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். உதறல் நிற்கவில்லை. பொய்யாகச் சொன்ன வியாதி நிஜமாகவே வந்து தொலைத்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

வெளியூர் போயிருந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பாருங்க சார், எதைக் கழற்றும்போது சத்தம் மாறாமல் இருக்கோ அங்கேதான் கோளாறு என்றார் அவர். நம்மவருக்கு எரிச்சலாக வந்தது. கோளாறு எங்கே என்று இவருக்குத் தெரியாதா? வைத்தவரே இவர்தானே? மற்ற மூன்றில் கையே வைக்கவில்லையே, அதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்? இதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. சரி சரி என்று போனை வைத்துவிட்டு, மறுபடியும் முதல் ஒயரையே கழற்றினார்.

மத்தியானம் முகமெல்லாம் கரியோடு உள்ளே வந்தார். மனைவி அண்ணனுக்காக அறையை ஒழித்து, மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மெத்தையைப் பார்த்ததும் நம்மவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச வீரமும் போய்விட்டது.

"இங்க பாரு, வயசான மனுஷரை எதுக்கு அலைய விடணும்? நாமளே பஸ்ல போயிட்டு வந்துடலாம். ஒரு ராத்திரிதானே, நான் சந்தோஷமா வரேன்."

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

"அங்க வந்து முட்டி வலிக்குதுன்னு போர்வைக்குள்ள பூந்துக்கக் கூடாது."

போர்வையைத் தொடவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனைவி தலையணையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் காரிடம் போனாள். பானெட்டைத் தூக்கினாள். மூன்றாவது ஒயரின் தலையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். சாவியைத் திருப்பினாள். வண்டி பூப்போல ஓடியது.

நம்மவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சமையலறை ஜன்னல் கார் நிற்கும் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதே அவருக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது.

"நீங்க முதலாவதத் தூக்கிவிட்டீங்க. நான் மூணாவதத் தூக்கிவிட்டேன்" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே.

சொன்ன சத்தியத்தை இனி மாற்ற முடியாது. ஒரு மாதத் தண்டனையாவது ஒழிந்ததே என்று அவசர அவசரமாகச் சொன்னார்: "அப்போ உடனே உங்க அண்ணனுக்குப் போன் போடு. கிளம்பி வந்துடப் போறாரு."

"அவருக்கு நான் காலையிலயும் போன் போடலீங்க. ஏறுங்க, நேரமாகுது."