ஒரு மடக்கு ஆரஞ்சு கலர்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆமாம். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க மாட்டேன். லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்ட மாட்டேன். ஆனால் தொண்ணூறுகளில் ஒரே ஒரு தடவை, சூலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், வீரனாக நின்றேன். அதற்குத்தான் இன்றுவரை சிரிக்கிறார்கள்.

அப்போது கணபதியில் லேத் பட்டறையில் வேலை. எட்டாவதோடு நின்றவன், மிச்சப் படிப்பெல்லாம் சலூனில் கிடக்கும் வாரப் பத்திரிகைதான். ஓயாமல் கலர் சோடா குடித்தால் சர்க்கரை வியாதி வரும், சீக்கிரம் கிழடு தட்டும் என்று அதில் போட்டிருந்தது. அப்பாவுக்கு அந்த வியாதியில் ஏற்கெனவே ஒரு கால்விரல் போயிருந்தது. (முடிவெட்டு முடிவதற்குள் என் விரல்களைச் செருப்புக்குள் அசைத்துப் பார்த்துக்கொண்டேன்.) அன்றோடு கலரை விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவோடு பெண் பார்க்கப் போனேன். பல இடம் தட்டிப்போய், முதன்முதலாக மனசுக்குப் பிடித்த பெண். அவளுடைய அப்பா ஆரஞ்சு கலரைத் தன் கையாலேயே திறந்து நீட்டினார். பெண் வீட்டில் கொடுத்ததைத் தொடாமல் வைத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கும் தெரியும். கை நீளவில்லை.

"வேண்டாமுங்க."

மாமா தொடையைக் கிள்ளினார். பெண்ணின் முகம் வாடியது. பதறிப்போய் விளக்கினேன்.

"பொண்ணு ரொம்பப் புடிச்சிருக்குங்க. இதத்தான் வேண்டாங்கறனுங்க. குடிச்சா சக்கர வரும், பல்லுப் போகும், நாப்பதுலயே அறுவது வயசுக்காரனாட்ட ஆயிருவமுங்க."

மாமா காதில் சொன்னார்: "டேய் கண்ணு, பொறத்தால பாருடா."

பார்த்தேன். புழக்கடையில் பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள், கேஸ் சிலிண்டர். கலர் போட்டு விற்பதுதான் அந்த வீட்டுப் பிழைப்பு. (பஸ்ஸிலேயே மாமா சொன்னாராம். நான் பிரேக் பிடிக்குமா என்ற கவலையில் இருந்தேன்.)

"அப்ப நானு ஊருக்கே சக்கர வியாதி ஊத்திக் குடுக்கறனுங்களா?" என்றார் அவர், மெதுவாக.

"பையன் எட்டாவதுங்க, வெவரம் பத்தாது," என்றார் மாமா.

"செரி, ஒரே மடக்கு குடிக்கச் சொல்லுங்க. மேக்கொண்டு பேசலாம்."

ஒரு மடக்குதானே, குடித்திருக்கலாம். "பொண்ணு குடுக்காட்டியும் பரவால்லீங்க, குடிக்க மாட்டனுங்க" என்றேன். மாமா செருப்பைத் தேட எழுந்துவிட்டார்.

கதவோரம் நின்ற பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "ஏனுங்கப்பா, நீங்களே சக்கர மாத்தர போட்டுட்டு அதத் தொடறதில்ல. அவுங்கள மட்டும் எதுக்குங்க குடிக்கச் சொல்றீங்க?"

அவர் மகளையும் பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "அம்மணி, மோர் கொண்டா" என்றார். குடித்தேன். (புளித்திருக்குமோ என்று முதலில் மோந்து பார்த்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.)

எங்கள் கல்யாணத்தில் ஊருக்கெல்லாம் கலர், மாப்பிள்ளைக்கு மட்டும் மோர்.

போன வருஷம் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. ஆமாம், அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கலர் தொடாத எனக்கு. (பரம்பரை என்கிறார் டாக்டர். நான் சாப்பிடும் சோற்றைப் பார்க்கச் சொல்கிறாள் மனைவி.) எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் இலைக்கு முன்னால் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. செய்தி கேட்டதும் போன் போட்டார்.

"ஏனுங்க மாப்ள, எங்க கலர்ல வந்துதுங்களா?"

"அதயும் குடிச்சிருந்தா முப்பதுலயே வந்திருக்குமுங்க மாமா. எனக்குக் கால்ல பத்து விரலும் அப்படியே இருக்குதுங்க."

அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.