வாத்து எச்ச வாசனை

லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாங்கின் சட்டைப் பை நனைந்துவிட்டது. உள்ளே இருந்த மின் சிகரெட் ஒழுகிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம் நெஞ்சு முழுக்கப் பரவியதே தவிரக் குறைந்தபாடில்லை. போதாக்குறைக்கு வாசனை வேறு. யாரோ லிஃப்டுக்குள் தேயிலை மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் கமகமத்தது.

மேலே, உணவகத்தில், அவருடைய வருங்காலச் சம்பந்திகள் காத்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து காலைத் தேநீர் குடிக்கும் நாள். மாப்பிள்ளையின் அம்மா டாக்டர் சியாவ், ஷென்செனில் பெயர்பெற்ற நுரையீரல் மருத்துவர். புகை பிடிக்கிற வீட்டோடு சம்பந்தம் வேண்டாம் என்பது அந்த அம்மாளின் ஒரே நிபந்தனை. பாங்கின் மகள் ஷூவென் அதற்கு வாதாடவில்லை, அழவில்லை, பேசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டாள். அப்பா சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறதாம்.

உண்மையில் நான்கு நாள்தான். அதுவும் விட்டார் என்று சொல்ல முடியாது, இடம் மாற்றிக்கொண்டார். "உங்க மேல வாடை அடிச்சா இந்தக் கல்யாணம் அவ்வளவுதாம்பா" என்று மகள் சொன்ன மறுநாளே, தெருமுனையில் மின் சிகரெட் கடை வைத்திருக்கும் கூ என்ற பெண்ணிடம் போய் நின்றார். பழ வாசனை, பால் வாசனை எல்லாம் அப்போது தடையில்லாமல் விற்ற காலம். கூ நல்ல பெண். புதிதாக வருகிறவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தாமல் அனுப்ப மாட்டாள்.

கருவிக்குள் ஊற்றும் திரவத்தை அந்த ஊரில் எல்லோரும் எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். எண்ணெய் இரண்டு ஜாதி என்றாள் கூ. தண்ணீராக ஓடுவது ஒன்று, தேனாக இழுப்பது இன்னொன்று. ஓடுவதில் காட்டம் அதிகம், சின்னக் கருவிக்கு அதுதான். இழுப்பதில் காட்டம் குறைவு, புகை மண்டும், பெரிய கருவிக்குத்தான் ஆகும். விளிம்பு வரை ஊற்றக் கூடாது. ஊற்றிய கையோடு இழுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பஞ்சு ஊற வேண்டும். "முக்கியமா வாயில படக் கூடாது மாமா. இது ஊதறதுக்கு, குடிக்கிறதுக்கு இல்ல. உள்ள போனா விஷம்" என்றாள்.

பாங் தலையாட்டினார். முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். விரல் நீளக் கருவி ஒன்று தன்னை என்ன செய்துவிடும் என்கிற மிதப்பு அவருக்கு. அதனால் பாடத்தில் பாதியைக் காதில் வாங்கவில்லை. வாசனையை மட்டும் வெகு யோசனையோடு தேர்ந்தெடுத்தார். ஃபீனிக்ஸ் மலையில் விளையும் ஒரு தேயிலைக்கு வாத்து எச்சம் என்று பெயர். பெயர்தான் அப்படி, வாசனை பூவும் தேனும் கலந்தது. தேநீர்க் கடையில் தேநீர் வாசனை அடித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. ஓடுவதில் ஒரு புட்டி, இழுப்பதில் ஒரு புட்டி, இரண்டையும் அதே வாசனையில் வாங்கிக்கொண்டார்.

இன்று காலை விளிம்பு வரை ஊற்றியதன் பலன்தான் நெஞ்சில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டுப் பொத்தானை மேலே வரை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஒன்றை மட்டும் அவர் மறந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வெங், அதே ஃபீனிக்ஸ் மலை இருக்கும் சாவ்ஜோ ஊர்க்காரர். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வியாபாரம். அந்த ஊர்க்காரர்கள் சோறு இல்லாமல் இருந்துவிடுவார்கள், தேநீர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பாங் நாற்காலியில் சாய்வதற்குள் வெங்கின் மூக்கு நிமிர்ந்தது.

"சம்பந்தி, வாத்து எச்சம்தானே இது?"

பாங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் ஒரு கப் குடித்துவிட்டு வந்தேன், அவசரத்தில் மேலே கொட்டிக்கொண்டேன் என்று சமாளித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். வெங் விடவில்லை. எங்கே வாங்கினது என்று கேட்டார். மலையிலேயே ஒரு சிநேகிதன் இருக்கிறான், வருடா வருடம் அனுப்புவான் என்று பாங் அளந்துவிட்டார். வெங்கின் கண்கள் விரிந்தன. தன் ஆயுளில் இவ்வளவு சுத்தமான வாசனையை முகர்ந்ததில்லை என்றார். உடனே பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, கடையில் இருக்கும் வாத்து எச்சத்தைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. மாப்பிள்ளைப் பையன் ஹைபோ எல்லோருக்கும் ஊற்றினான். எல்லோரும் அங்கத்திய வழக்கப்படி மேசையை விரலால் தட்டி நன்றி சொன்னார்கள். வெங் முகர்ந்து பார்த்துவிட்டுக் கப்பை அப்படியே தள்ளி வைத்தார்.

"இது இல்ல. நான் சொல்றது அது."

இந்தப் பக்கம் டாக்டர் சியாவ் வேறு பிடித்துக்கொண்டார். எட்டு மாதமாக எப்படித் தாக்குப்பிடித்தீர்கள், ராத்திரியில் தூக்கம் வந்ததா, கை நடுங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாங் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல டாக்டருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளிகள் முன்னால் உங்கள் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஷூவென் மேசைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தாள்.

பாங்குக்கு வியர்த்தது. இந்த நிலையில் ஒரு இழுப்பு இழுக்காவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கருவியைத் திறந்து பார்த்தார். எல்லாம் ஒழுகிக் காலி. ஓடுகிற எண்ணெயால்தானே வம்பு, ஓடாததை ஊற்றுவோம் என்று தேன் போன்ற எண்ணெயை ஊற்றிக்கொண்டு திரும்பினார். கழிப்பறையிலேயே இழுத்திருக்கலாம். ஆனால் கதவுக்கு வெளியே ஒரு தாத்தா அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

மேசையில் இறால் கொழுக்கட்டை வந்திருந்தது. மூங்கில் கூடையின் மூடியைத் திறந்ததும் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. பாங்குக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. கூடையைத் தன் பக்கம் இழுத்து, கொழுக்கட்டையை உற்றுப் பார்ப்பவர்போல் குனிந்து, உள்ளங்கையில் மறைத்த கருவியை ஒரு இழுப்பு இழுத்து ஆவியோடு ஆவியாக விட்டார். யாரும் கவனிக்கவில்லை. நான்கு நாளில் முதன்முறையாக அவருக்கு வாழ்க்கை பிடித்திருந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தார். அதற்குப் பிறகு இன்னொன்று.

இழுக்கிற எண்ணெயில் புகை மண்டும் என்று கூ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொழுக்கட்டை ஆறிப்போய் வெகுநேரம் ஆகியும் கூடையிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. ஹைபோ வாயைப் பிளந்து பார்த்தான். ஷூவென் மூடியை எடுத்துப் படக்கென்று மூடினாள். மூடியின் இடுக்கு வழியாகவும் வந்தது. வெங் மட்டும் மேசை மேல் முக்கால்வாசி சாய்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து விட்டார்.

"அருமையான கொழுக்கட்டை" என்றார், ஒன்றைக்கூடத் தொடாமல்.

பாங் மறுபடி இழுத்தபோது பஞ்சு கருகிவிட்டது. தொண்டையில் தீய்ந்த நாற்றம். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. டாக்டர் சியாவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது விட்டவர் இருமுகிற இருமல் இல்லையே என்றார். பாங் மேலும் இருமினார். குனிந்து இருமியதில் கோட்டுப் பையிலிருந்து ஒரு புட்டி நழுவி மேசையின் சுழல் தட்டில் விழுந்தது. காட்டமான எண்ணெய்ப் புட்டி. அதே நேரம் பார்த்து ஹைபோ வாத்துக் கறியைத் தன் பக்கம் கொண்டுவரத் தட்டைச் சுற்றினான். புட்டி நிதானமாக ஊர்வலம் கிளம்பியது. ஷூவென்னைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, வெங்கின் முன்னால் போய் நின்றது. அதன் மேல் வாத்துப் படம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னது இது?" என்றார் டாக்டர்.

"டீச் சாறு" என்றார் பாங். "சிநேகிதன் காய்ச்சி அனுப்புவான். ரெண்டு சொட்டு விட்டாப் போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

வெங் புட்டியைப் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காட்டம் எப்படி, தொண்டையில் நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்றார் பாங், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். வெங் தன் கப்பில் இருந்த தேநீரைக் கீழே கொட்டிவிட்டு, வெறும் கப்பில் புட்டியைப் பிழிந்தார். ரெண்டு சொட்டு இல்லை, கால் கப்.

"எங்க ஊர்ல தண்ணி சேர்க்க மாட்டோம். முதல்ல தனியா எடுத்துட்டுப் போய் வாசனை பார்ப்போம்" என்று சொல்லி எழுந்தார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க? அப்படி என்னதான் இருக்கு இதுல, கொடுங்க" என்று டாக்டர் கப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சூடான தேநீரை அதில் ஊற்றினார். வாய்க்குக் கொண்டுபோனார்.

பாங்குக்கு அந்தக் கணத்தில் கல்யாணம் தெரியவில்லை, எட்டு மாதம் தெரியவில்லை. கூ சொன்ன ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது. மேசை மேல் பாய்ந்தார். ஆச்சரியம் என்னவென்றால் வெங்கும் அதே நேரத்தில் பாய்ந்தார். நான்கு கைகள் பட்டதில் கப் பறந்து வாத்துக் கறியில் விழுந்தது.

"குடிக்காதீங்க. அது விஷம்" என்றார் பாங்.

உணவகமே திரும்பிப் பார்த்தது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. பாங் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். புட்டி என்ன, கருவி என்ன, ஆவி எங்கிருந்து வந்தது, மலையில் சிநேகிதன் இல்லை, எட்டு மாதமும் இல்லை. கருவியை எடுத்து மேசை மேல் வைத்தார். "எம் பொண்ணு மேல தப்பு இல்லம்மா. தாயில்லாம வளர்ந்தவ. என்னை விட்டுக்கொடுக்க மனசில்லாம சொல்லிட்டா. நான்தான் விடத் துப்பில்லாதவன். எனக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றார். ஷூவென் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

டாக்டர் சியாவ் கைத்துடைப்பால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி என்றார் முதலில். பிறகு, புகையைக்கூட மன்னிக்கலாம், பொய்யை எப்படி மன்னிப்பது என்றார். பொய் இருக்கும் குடும்பத்தோடு தன் குடும்பம் எப்படி ஒட்டும் என்று கேட்டார்.

"இதோ இவரைப் பாருங்க" என்று கணவர் பக்கம் கை காட்டினார் டாக்டர். "கல்யாணத்துக்கு முன்னாடி சிகரெட்டை விடுன்னு ஒரு தடவைதான் சொன்னேன். அன்னிக்கு விட்டவர்தான். டீ ஒண்ணைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. எங்க வீட்டுல ஒளிவு மறைவுன்னு ஒண்ணு கிடையாது."

வெங் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்து, பாதி காலியான வாத்துப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிமாறும் பெண் மேசையைத் துடைக்கத் துணியோடு வந்தாள். சிந்தியதை எல்லாம் வழித்துவிட்டு, வெங்கின் பக்கம் மரியாதையாகக் குனிந்தாள்.

"ஐயா, நீங்க வழக்கம்போல கவுண்டர்ல சார்ஜுக்குக் கொடுத்த ஊதுற மிஷின் ரெடி. ஆனா அந்த வாத்து எண்ணெய்தான் எதிர்க் கடையில இன்னிக்கும் வரலையாம்."