தச்சர் திறந்த கதவு

பக்கத்து சீட்டுக்காரர் கழிவறைக்குப் போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கதவின் மேல் சிவப்பு விளக்கு அணைகிற வழியாக இல்லை. தச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு தங்கமான மனுஷன்! விமானம் கிளம்பியதிலிருந்து தச்சரின் முப்பது வருஷத் தொழில் பெருமையை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டவர். நீதிமன்றத்து வாசல் கதவை ஒற்றை ஆளாய்த் தூக்கி நிறுத்திய கதையின் நடுவில்தான் எழுந்து போயிருந்தார்.

“தாழ் மாட்டிக்கிச்சுடி. நான் போய்ப் பார்க்கறேன்,” என்றார் மனைவியிடம்.

“ஏங்க, அதுக்கெல்லாம் ஆளுங்க இருக்காங்க. நம்ம வீட்டு பாத்ரூம் கதவே மூணு வருஷமா கயித்துல நிக்குது.”

“அது வீடு. இது அவசரம்.”

போய்த் தட்டினார். “சார், பயப்படாதீங்க! நான்தான், உங்க பக்கத்து சீட்டு!”

உள்ளே அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிடும் சத்தம். பிறகு, “நான் நல்லாத்தான் இருக்கேங்க. நீங்க போய் உட்காருங்க.”

பாவம், கூச்சப்படுகிறார்! தச்சருக்கு மனசு இளகிவிட்டது. எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும் ஸ்க்ரூ டிரைவரை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். பரவாயில்லை, மனைவியின் கொண்டை ஊசி இருக்கிறது. தாழ்ப்பாளின் மேல் இருந்த சின்னத் தகட்டைப் பெயர்த்துவிட்டு ஊசியை விட்டார். ஊசி உள்ளேயே முறிந்தது. அதை எடுக்கச் சாப்பாட்டுத் தட்டின் ஸ்பூனை நுழைத்தார். ஸ்பூனும் போய்ச் சிக்கிக்கொண்டது.

உள்ளே தடதடவென்று ஆட்டும் சத்தம். “ஐயையோ, இப்ப திறக்க வரலையே!”

“நான்தான் அப்பவே சொன்னேனே!” என்று தச்சர் எல்லோரையும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

பணிப்பெண் ஓடி வந்தாள். “விலகுங்க சார். தகட்டுக்கு அடியில இருக்கற கொக்கிய இழுத்தா வெளியிலிருந்தே திறந்துடலாம்... தகடு எங்க?”

தகடு தச்சரின் பையில் இருந்தது. கொக்கியை ஸ்பூன் அடைத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் சீட்டில் உட்கார்ந்தால்தான் தரையிறங்க முடியும், அதுவரை வட்டமடிக்கப் போகிறோம் என்று விமானி அறிவித்தார். நூற்றைம்பது ஜோடிக் கண்கள் தச்சரை முறைத்தன. முப்பது வருஷ மானம் விமானத்திலேயே கப்பலேறிக்கொண்டிருந்தது. விடுவாரா? ஷூவைக் கழற்றினார், “கீல்தான்யா கதவுக்கு உயிரு!” என்று நாலு போடு போட்டார். கதவு முழுசாகப் பெயர்ந்து அவர் தோளில் சாய்ந்தது.

ஒரே கைதட்டல். “எங்க வீட்டுக்காரர்!” என்றாள் மனைவி, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். தச்சர் கதவைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

வெளியே வந்த பக்கத்து சீட்டுக்காரர் பணிப்பெண்ணைப் பார்த்து அழமாட்டாத குறையாகச் சொன்னார்:

“வேற சீட் கேட்டப்பவே குடுத்திருந்தா, இவர் கதைக்குப் பயந்து நான் இங்க தாழ் போட்டு உட்கார்ந்திருப்பேனாம்மா? இப்ப அந்தக் கதவையும் பிடுங்கிட்டாரே!”