சரிவு மாஸ்டரின் சாய்ந்த எழுத்து

பதுளைச் சுவர்களில் உள்ள எழுத்துகளையெல்லாம் கெடுத்த பெருமை ஒரே மனிதரைத்தான் சேரும். பஜாரில் அச்சகம் வைத்திருக்கும் அவருக்கு ஊர் வைத்த பெயர் சரிவு மாஸ்டர். கம்ப்யூட்டரில் எத்தனையோ வகை எழுத்து இருந்தும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: உடம்பு பருத்து, முனைக்கு முனை சின்னப் பாதம் வைத்து, வலது பக்கம் சாய்ந்து நிற்கும் எழுத்து. ஒரு பக்கத்தில் ஒரு சொல்லுக்கு அதைப் போட்டால் அழகு. பக்கம் முழுக்கப் போட்டால் சந்தைக்கு வந்த அத்தனை பேரும் ஒன்றாகக் கத்துவது போல இருக்கும். இதை அவரிடம் நான்கு தடவை சொன்னேன். நான்கு தடவையும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாரே தவிர, எழுத்தை நிமிர்த்தவில்லை.

“நேரா நிக்கிற எழுத்து பொலிஸ்காரன் சார். சாஞ்ச எழுத்துதான் வாங்க வாங்கன்னு கூப்பிடும்” என்பார்.

கூப்பிடத்தான் செய்தது. ஒரு மருந்துக் கடைக்கு, ‘இங்கே வாகனம் நிறுத்தாதீர்’ என்று அடித்துக் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்த வாசல் த்ரீவீல் ஸ்டாண்ட் ஆகிவிட்டது. சண்டைக்குப் போன கடைக்காரரிடம் ஒரு டிரைவர், “கோவிச்சுக்காதீங்க மொதலாளி, ஏதோ கலியாண மண்டபம்னு நெனச்சிட்டோம்” என்றார்.

மரண அறிவித்தல் இன்னும் மோசம். ஹல்துமுல்லைப் பெரியவர் ஒருவரின் பெயரைப் பார்த்தால் காலமானவராகவே தெரியவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவராகத் தெரிந்தார்.

இப்பேர்ப்பட்டவரிடம் என் மகளின் கலியாணக் கார்டைக் கொடுக்க நேர்ந்தது. ஊரில் இருந்த இன்னொரு அச்சகம் பூட்டிக் கிடந்தது. அப்பாவின் கருமாதியில் நடந்த தகராறுக்குப் பிறகு, பூனாகலையில் இருக்கும் என் அண்ணன் எங்கள் வாசலை மிதித்ததில்லை. பெரியப்பா வராவிட்டால் மணவறையில் உட்கார மாட்டேன் என்று மகள் அழுதுகொண்டிருந்தாள். நேரில் போய்க் கூப்பிட எனக்கு மனமில்லை. கார்டைத் தபாலில் போட்டால் போதும் என்றிருந்தேன்.

“எல்லாம் நேரா இருக்கணும் மாஸ்டர். ஒரு எழுத்து சாஞ்சாலும் எடுக்க மாட்டேன்.”

“சரிங்க சார். உங்க முதுகு மாதிரியே அடிச்சுத் தாறேன்.”

கார்டு வந்தது. பதினொரு வரி. பத்து வரி, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டில் வரிசையாக நிற்கும் தோட்டத்து ஆட்களைப் போல நிமிர்ந்து நின்றன. கடைசி வரியான ‘குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும்’ மட்டும் தடித்துச் சாய்ந்து, கிட்டத்தட்டக் காலில் விழுந்துகொண்டிருந்தது. கடையே அதிரத் திட்டினேன். திரும்ப அடிக்க நாளில்லை. அப்படியே தபாலில் சேர்த்தேன்.

கலியாணத்தன்று அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கையில் கார்டு, அந்த வரியின் மேல் விரல்.

“ஏன்டா, பொறந்ததிலருந்து யாருக்கும் வளையாத பய, இவ்வளவு குனிஞ்சு கூப்பிட்டா நான் எப்படிடா வராம இருப்பேன்?”

மகள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

பந்தியில் சரிவு மாஸ்டர் என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், அந்த வரிய நிமித்தி வேற கார்டு அடிச்சுத் தரவா?”

“வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க” என்றேன்.

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அவர் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னேன்.