நொண்டியுள்ளானைப் பார்க்க வந்த காடு

ஒரு காட்டில், அதாவது மரமெல்லாம் உப்புத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிற அலையாத்திக் காட்டில், நொண்டியுள்ளான் என்றொரு பறவை இனம் இருந்தது. அலகு நீளம், வால் கட்டை, கூடு கட்டத் தெரியாது. மணலில் ஒரு குழி, அதில் கூழாங்கல் மாதிரி முட்டைகள், அவ்வளவுதான் குடித்தனம். நரி வந்தால் தாய்ப்பறவை சிறகைத் தொங்கப்போட்டு நொண்டும். சுலபமான இரை என்று நரி பின்னாலேயே ஓடும். கொஞ்ச தூரம் போனதும் இது ஜிவ்வென்று பறந்துவிடும்.

அந்த இனத்துச் சிப்பிக்கண்ணி தலைச்சன் முட்டைகளை இட்டிருந்தாள். இரை கொண்டுவரப் போன புருஷன் அலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

நரியார் வந்தார். அவள் நொண்டினாள். அவர் துரத்தவில்லை, செல்போனை எடுத்தார்.

"எங்கப்பா உங்கம்மா பின்னாடி ஓடியே இளைச்சுப்போனாரு. நான் ஓட மாட்டேன். வெளிச்சம் பத்தலை, இன்னொரு தடவை நொண்டும்மா. இதைப் போட்டுட்டு முட்டைக்கு வரேன்."

'பாவம் இந்த ஜீவன்' என்று எழுதி வீடியோவைப் போட்டார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே காடே வந்துவிட்டது. அடிபட்டவளை ஓர் எட்டு வந்து பார்க்காவிட்டால் நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"எனக்கு ஒண்ணுமில்லைங்க, சும்மா நடிச்சேன்" என்றாள் சிப்பிக்கண்ணி.

"வலியில உளறுது" என்று கொக்கு வைத்தியர் நல்ல சிறகில் குச்சி வைத்துக் கட்டினார்.

"பச்சைத்தண்ணி குடுத்துடாதீங்க" என்றது நீர்நாய்.

இனி உண்மை செல்லாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப என்னை அந்த மணல்மேட்டுல விடுங்க. காத்து வரும்."

தூக்கிப்போய் முட்டைகள்மேல் உட்காரவைத்தார்கள். "கல்லு உறுத்தலையா தாயி?" என்றது ஆமை.

"பழகிருச்சுங்க."

காடு முறைபோட்டுக் கூடவே இருந்தது. வீடியோ போட்டவரே வராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? நரியாரும் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்தார். முட்டை வாசம் மூக்கில் ஏற ஏற, "சீக்கிரம் குணமாகணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

குஞ்சு பொரித்த அன்று வைத்தியர் கட்டை அவிழ்த்தார். "இப்ப நல்லா இருக்கேன்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கூட்டம் எழுந்து போனது. நரியார் எழுந்திருக்கவில்லை. பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

சிப்பிக்கண்ணி குஞ்சுகளைப் பார்த்தாள். மற்றச் சிறகை மெல்லத் தொங்கப்போட்டாள்.

"அடடா, இந்தப் பக்கமும் போச்சே" என்று காடு திரும்பி வந்தது. புருஷன்கூட வந்தான்.

நீதி: பிள்ளை பெற்றவளே, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் பக்கத்தில் நரிதான் மிஞ்சும். எங்காவது வலிக்கட்டும்.