காப்புக் கட்டிய மாப்பிள்ளையின் காலை ஓட்டம்

எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் காரணமில்லாமல் ஓடுவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், கயிற்றை அறுத்துக்கொண்ட மாட்டைப் பிடிக்க ஓடுவார்கள், தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்தால் ஓடுவார்கள். வளர்ந்த மனிதன் ஒருவன் சும்மா ஓடினால், பார்ப்பவர்களே அவனுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படி ஒரே காலையில் இரண்டு காரணங்கள் கிடைத்தன.

தேதி குறித்து வைப்பது என் வியாதி. எந்தப் பாலம் எந்த வருடம் கட்டப்பட்டது, எந்தக் கண்மாய் எந்த மழையில் உடைந்தது என்று கேட்காதவர்களுக்கும் சொல்வேன். (கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.) அந்தக் காலையின் தேதியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

என் அண்ணன் மகள் தேன்மொழி நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அங்கே லூகாஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். அண்ணன் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பார்த்தார், சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார், கடைசியில், "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். போன மறுநாளே லூகாஸ் என்னை ஓட அழைத்தான். எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் காலையில் ஓடிவிட வேண்டும், அப்போதுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும் என்பது அவன் கொள்கை. நானும் மூச்சிரைக்க ஓடினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியை ஒரு கடைக்காரர் எங்கள் கையில் திணித்தார். கால்வாயில் படகு ஓட்டியவர் எனக்குக் கையசைத்தார். எனக்கு! தேனியில் பக்கத்து வீட்டுக்காரர்கூட அசைப்பதில்லை. அந்தச் சூடான ரொட்டியிலேயே நான் விழுந்துவிட்டேன். திரும்பி வந்து, "தங்கமான பையன்" என்றேன்.

"சரி. ஏதாவது ஒண்ணுன்னா நீதான் ஜவாப்தாரி" என்றார் அண்ணன்.

எங்கள் சொந்த ஊரான தேவாரத்தில் கல்யாணம். லூகாஸின் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் அவன் வீட்டில் யாரும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இடத்தில் நான் நிற்பதாக ஏற்பாடு. முதல் நாள் நலங்கு வைத்து, அவன் கையில் காப்பும் கட்டினார்கள். "காப்புக் கட்டின பெறகு மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாது. பாத்துக்கங்க கொழுந்தனாரே" என்றார் அண்ணி.

விடியும்போது லூகாஸ் ஷூவைக் கட்டிக்கொண்டு என் கட்டிலருகே நின்றான். அவன் நாட்டில் மலையே கிடையாது. மண்டபத்து ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுசாக நின்றுகொண்டிருந்தது. கண்மாய் வரை போய்த் திரும்பிவிடலாம் என்றேன். கண்மாய் ஊர் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதில் எனக்கென்று ஓர் ஆராய்ச்சி முடிவு உண்டு. (அந்த முடிவை ஏற்றுக்கொண்டவன் இதுவரை நான் ஒருவன்தான்.) முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. நேரம் தாராளமாக இருந்தது. போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கண்மாயில் நான் நின்றேன். அவன் நிற்கவில்லை. கூப்பிட்டேன், அவன் காதில் பாட்டு. அவனுடைய ஆரஞ்சு பனியன் தென்னந்தோப்புக்குள் நுழைந்து மறைந்தது. அண்ணனின் முகம் கண்முன் வந்தது. அதற்கப்புறம் நான் ஓடிய ஓட்டத்தை நெதர்லாந்தில் ஓடியிருந்தால் பதக்கம் கொடுத்திருப்பார்கள். வழியில் கண்டவர்களை எல்லாம், "வெள்ளைக்காரத் தம்பி போனாரா?" என்று கேட்டேன். எல்லோரும் மலைப்பக்கமே கை காட்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

பொட்டிப்புரம் கிராமத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. நடுவில் ஆரஞ்சு பனியன். சுற்றிலும் மண்வெட்டியோடு ஆட்கள்.

அந்த மலையைக் குடைந்து உள்ளே ஆய்வுக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து, மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எந்த வெளியாளையும் அந்தப் பக்கத்தில் சும்மா விடுவதில்லை. இது எனக்குத் தெரியும். வருட வாரியாகத் தெரியும். காலையில் மட்டும் ஞாபகம் வரவில்லை.

"மலையப் பாக்குறான், கைக் கடிகாரத்த அமுக்குறான். மறுபடி பாக்குறான், அமுக்குறான். அளக்குற மிஷினுப்பா அது!" என்று சொல்லிக்கொண்டிருந்தார் டிராக்டர்க்காரர் ஒருவர். அவர் பெயர் பாண்டி என்று பிறகு தெரிந்தது.

லூகாஸ் தேன்மொழியிடம் கற்ற தமிழை எடுத்துவிட்டான். "சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு கெடக்கட்டும். மலைய என்ன செய்யப் போற?"

"மலை... நல்லா இருக்கு. மலை வேணும்."

"கேட்டியாலே! வேணுமாம்ல!"

நான் கூட்டத்துக்குள் விழுந்தேன். "எங்க வீட்டு... மாப்பிள்ளை..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை. பாண்டி என் கண்ணாடியையும் சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாவையும் பார்த்தார். "இந்தா, ஆபீசரும் வந்துட்டாக" என்றார். நான்கு பேர் என் பின்னால் வந்து நின்றார்கள். அப்போது பேச்சியம்மாள் என்ற பெண்மணி, இடுப்பில் களைக்கொத்தியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். லூகாஸின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"இங்கன பாருங்கலே. காப்பு! காதோரமெல்லாம் நலங்கு மஞ்ச. நெசமாவே கல்யாண மாப்பிள்ளப்பா!"

மண்வெட்டிகள் இறங்கின. எனக்கு உயிர் வந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

"கல்யாணம் என்னிக்கு?" என்று என்னைக் கேட்டார் பேச்சியம்மாள்.

"இன்னிக்கு... ஒம்பதுக்கு மேல... தேவாரத்துல."

எல்லோரும் லூகாஸைப் பார்த்தார்கள். பிறகு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள். பாண்டியின் முகம் மெல்ல மாறியது.

"அண்ணே, தாலி கட்டாம ஓடியாந்துட்டாகளா? நீங்க வெரட்டிப் பிடிக்க வந்தீகளா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு ஒருவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பொட்டப்பிள்ளைய மணவறையில ஒக்கார வச்சிட்டு இப்படி ஓடியாரலாமாய்யா? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பேச்சியம்மாள் பிடிபிடியென்று பிடித்தார்.

"ஆமா, ஆமா" என்று லூகாஸ் சிரித்தான்.

"சிரிக்கிறதப் பாரு! ஏத்துங்கலே டிராக்டர்ல!"

டிரெய்லரில் அவனை இரண்டு தடித்த ஆட்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். பேச்சியம்மாளும் ஏறிக்கொண்டு விடாமல் அவனை வைதுகொண்டே வந்தார். நான் விளக்கம் சொல்ல முயன்றபோதெல்லாம் இன்ஜின் சத்தம் அதை விழுங்கியது. வழியில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு, தனக்கு முகூர்த்தம் எதுவும் இல்லை என்பதுபோல் போயிற்று. பக்கத்தில் இருந்தவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதே முக்கால். லூகாஸ் என் காதில், இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மண்டபத்தில் இறக்கிவிடுகிறார்கள் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா? எந்த நாட்டிலும் ஓடினால் இப்படி ஏதாவது கிடைக்கும்" என்றான்.

மண்டபத்து வாசலில் மேளச் சத்தமே இல்லை. எங்களைத் தேடி மோட்டார் பைக்குகள் நாலா பக்கமும் போயிருந்தன. அண்ணன் பட்டு வேட்டியோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளையப் பிடிச்சாந்துட்டோம்!" என்று பாண்டி டிராக்டரில் நின்று கத்தினார்.

முந்நூறு பேருக்குக் கேட்டது. "ஓடிப் போனவனுக்கா பிள்ளையக் குடுக்கப் போறீக?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். அண்ணன் ஒரு படி இறங்கினார். கல்யாணத்தை நிறுத்த அவருக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஏலே, என்ன நடந்துச்சு?" என்றார் என்னிடம்.

"நாந்தான் கூட்டிட்டுப் போனேன். ஓட..."

"ஓடவா? காப்புக் கட்டின கையோடயா?"

அப்போது மணப்பெண் அறைக்கதவு திறந்தது. அண்ணி தடுக்கத் தடுக்க, தேன்மொழி மாலையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். லூகாஸின் கால் ஷூவைப் பார்த்தாள். பாண்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்கன பிடிச்சீக இவர?"

"பொட்டிப்புரத்துக்கு மேக்க, மலையடியில தாயி."

"அதுக்கு அங்கிட்டு ரோடு இருக்கா?"

"ரோடு ஏது? மலைதான்."

"அப்பா, ஓடிப் போறவன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவான். போயி மலையில முட்டிக்கிட்டா நிப்பான்?"

முதலில் சிரித்தது பேச்சியம்மாள். "அதானே! இது தெரியாம நான் வழியெல்லாம் வஞ்சுக்கிட்டு வந்தேனே!" டிராக்டர் முழுக்கச் சிரித்தது, பிறகு வாசல், பிறகு மண்டபம். அண்ணன் சிரிக்கவில்லை. மணி கேட்டார். பத்து ஆகப்போகிறது என்றார்கள்.

"அப்பறம் என்ன வேடிக்கை? மாப்பிள்ளைக்கு வேட்டியக் கட்டிவிடுங்கப்பா" என்றார்.

அண்ணி எல்லை தாண்டிய தோஷத்துக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். மாப்பிள்ளை வீட்டார் மணவறைக்கு வரலாம் என்று ஐயர் அழைத்தபோது நான் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன். அண்ணன் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பாண்டி, நீங்களும் அந்த ஆத்தாவும் வாங்க. மாப்பிள்ளையக் கொண்டாந்தது நீங்கதான்" என்றார். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு இருவரும் மேடையேறினார்கள். மாப்பிள்ளைக்கு மாமன்முறை செய்கிறவர்போல் பாண்டி அவ்வளவு கம்பீரமாக நின்றார். பத்தரைக்குள் தாலி ஏறியது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பொட்டிப்புரம் சம்பந்தி ஊர். லூகாஸ் ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறான், ஒவ்வொரு காலையும் ஓடுகிறான், பேச்சியம்மாள் வீட்டில் கம்மங்கூழ் குடிக்கிறான். வெளிநாட்டில் ஓடுகிறவனுக்குக் கிடைக்கும் பலன் எல்லாம் அவனுக்குக் கிடைக்கிறது. எனக்கு ஓட அனுமதி இல்லை. அவன் வந்து இறங்கிய அன்று இரவு பாண்டி தவறாமல் அண்ணனுக்குப் போன் செய்வார். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"சம்பந்தி, ஒங்க தம்பி எங்கன இருக்காக? கதவச் சாத்திட்டீகளா?"