கரையேறும் பாட்டு

ஜெயம் அத்தை குப்புறப் படுத்துக்கொண்டு, கோயில் வாசல் மண்ணை இரண்டு கையாலும் மாறி மாறிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அங்கப்பிரதட்சணம் பண்றா போலகீது," என்றாள் கூழ்ப் பானையோடு நின்ற ஒருத்தி.

"உருளாம இன்னா அங்கப்பிரதட்சணம்? இது வேற," என்றாள் பக்கத்து வீட்டுக் கீதா.

அது வேறுதான். என்னவென்று அந்தக் கூட்டத்தில் சுகன்யா ஒருத்திக்குத்தான் தெரியும். அத்தை ஒரு பலகைமேல் படுத்து, கையால் துடுப்புப் போட்டுக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். சேவூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அத்தை கடலைப் பார்த்ததே கிடையாது.

வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டது சுகன்யாவின் கேசட்.

மகாபலிபுரத்து லாட்ஜில் வேலை செய்யும் பெரியப்பா மகன் ஜெயவேல் பொங்கலுக்கு வந்தபோது கொடுத்தது. யாரோ வெள்ளைக்காரன் அறையில் விட்டுப் போனதாம். "கடல்ல பலகைய போட்டு, அலைமேல நின்னுகினே வருவானுங்க. சர்ஃபிங்னு பேரு. இதுல நாள் முழுக்க அதுக்குன்னே பாட்டு. மொத பாட்டு விடியக்காலைல துடுப்பு போட. அடுத்தது அலைக்கு காத்துகினு கீறதுக்கு. அப்பால எழுந்து நிக்க. கடைசி பாட்டு சாயந்திரம் கரையேற."

சுகன்யா பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டதிலிருந்து அவள் அப்பா கந்தசாமி ஒரு சட்டம் போட்டிருந்தார். "சாமி பாட்டு தவிர வேற எதுனா இந்த வூட்ல கேட்டுச்சு, ஸ்கூலும் வேணாம் ஒண்ணும் வேணாம். தறியில குந்து." அதற்குப் பயந்துதான் அவள் அந்தக் கேசட்டை அம்மன் பாட்டு டப்பாவில் ஒளித்துவைத்தாள். இன்று மைக்செட் சுப்பனின் கேசட் பழுதாகிவிட, விழாக் கமிட்டித் தலைவரான அப்பாவே பெருமையாக அந்த டப்பாவை வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்துவிட்டார்.

பாட்டு மாறியதை யாராவது கவனிப்பதற்குள் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. ஆடிக்கு ஆடி வரும் சாமிதான். அதற்குமேல் என்ன பாட்டு என்று யார் கேட்பார்கள்?

"இப்பல்லாம் அம்மன் பாட்டுலயும் கிட்டாரு போட்றானுங்க," என்று அப்பாவே விளக்கம் சொன்னார்.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. அத்தை எழுந்து உட்கார்ந்தாள். கிழக்கே பார்த்தபடி லேசாக மேலும் கீழும் ஆடினாள், தொட்டிலில் உட்கார்ந்தவள்போல.

பூசாரி வேடியப்பன் குனிந்து கேட்டார். "ஆத்தா, யாருக்கு காத்துகினு கீற?"

"வருது," என்றாள் அத்தை.

"இன்னா வருது?"

"பெருசா வருது."

கூழ்ப் பானைக்காரி பானையைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போய்விட்டாள்.

மூன்றாவது பாட்டின் முதல் அடியிலேயே அத்தை துள்ளி எழுந்தாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் மடங்கி, இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து. கேசட் அட்டையில் இருந்த படம் அப்படியே. அந்த அட்டை சுகன்யாவின் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அத்தையின் முந்தானை மட்டும் பின்னால் படபடவென்று பறந்தது.

சுகன்யா மைக்செட்டுக்கு ஓடினாள். "சுப்பண்ணா, நிறுத்துங்க."

"உங்கப்பா சொல்லட்டும் பாப்பா."

அவளே கையை நீட்டி நிறுத்தினாள்.

பாட்டு நின்றது. அத்தை நின்றது நின்றபடியே உறைந்துபோனாள். கண் இமைக்கவில்லை. வேடியப்பன் கற்பூரம் காட்டி, "மலையேறு தாயி," என்று கெஞ்சினார். அத்தை மலையேறவில்லை. எந்த அலையின்மேல் நின்றாளோ, அதன் மேலேயே நின்றாள்.

சுகன்யா வீட்டுக்கு ஓடி, துணிப்பெட்டியின் அடியிலிருந்து நிஜ அம்மன் கேசட்டை எடுத்துவந்தாள். "இத போடுங்க, ஜல்தி."

உடுக்கை அடிக்கும் சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தை பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். மூச்சு முட்டியது. கை இரண்டும் மேலே எதையோ பிடிக்கத் துழாவின. வாயோரம் தண்ணீர் வழிந்தது. எச்சில் என்றார்கள். அவ்வளவு எச்சில் யாருக்கும் வராது.

"ஜெயம், ஏ ஜெயம், இன்னாம்மா ஆச்சு?" அப்பா மண்ணில் உட்கார்ந்து தங்கையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அவர் குரல் அப்படி உடைந்து சுகன்யா கேட்டதேயில்லை.

"பழைய கேசட்டயே போடுங்கண்ணா," என்றாள் சுகன்யா சுப்பனிடம்.

சுப்பன் போட்டான். கரகரவென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் டேப் முழுக்கச் சிக்கிக் கிடந்தது. "குடலாட்டம் வந்துச்சு பாப்பா. பேஜாரா போச்சு."

"கடைசி பாட்டு மட்டும் போதும். அது இல்லாம அத்தை கரையேற மாட்டாங்க."

"எங்கேர்ந்து கரையேறணும்?"

சுகன்யா கேசட்டைக் கையில் வாங்கினாள். சிக்கிய இடத்தைப் பல்லால் கடித்து எடுத்தாள். ஒட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினாள். சுப்பன் கேசட் ஓட்டைக்குள் பேனாவை விட்டு, கடைசிப் பாட்டு வரை விறுவிறுவென்று சுற்றினான்.

குழாய் ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டு வந்தது. மெதுவான கிட்டார், தண்ணீருக்கு அடியிலிருந்து வாசிப்பதுபோல.

அத்தை இருமினாள். எழுந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருபவளாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துவந்து கோயில் படியில் உட்கார்ந்தாள். புடவை ஓரத்தைப் பிழிந்தாள்.

"ஒரு காப்பி குடுங்களேன்," என்றாள்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "ஆத்தாவுக்கு புடிச்ச பாட்டு எதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. அடுத்த வருசமும் இதே கேசட்டுதான். கேசட்டு உபயம், கந்தசாமி குடும்பம்."

சுகன்யா தப்பித்துவிட்டாள். ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனாள். தறி ஓடவில்லை. அத்தை கால் நீட்டி உட்கார்ந்து இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். டப்பா மாறியது, ஜெயவேல் சொன்னது, பொட்டு ஒட்டியது எல்லாவற்றையும் சுகன்யா அழுதுகொண்டே கொட்டினாள்.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "இதுக்கா அழுவுற? உங்கப்பன் கைல சொல்லமாட்டேன். நீயும் நான் சொல்றத சொல்லக்கூடாது. எனக்கு சாமியே வந்தது இல்லடி."

"அத்தை..."

"ஆடி வந்தா ஒரு ஆட்டம் போட்டு வெப்பேன். ஆத்தா எறங்கின ஒடம்புன்னு அந்த வாரம் பூரா தறியில குந்த சொல்லமாட்டாரு உங்க மாமா. காப்பி கூட அவரே போட்டுத் தருவாரு."

சுகன்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகைக்கு நடுவே சிரித்தாள். "நீ பலே ஆளு அத்தை. அந்த பலகைமேல நிக்கிறத எங்க பாத்து கத்துகின?"

"எந்த பலகை?"

அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தாள். "காப்பி உப்பு கரிக்குதேன்னு அப்பவே நெனச்சேன். காப்பி இல்ல, என் ஒதடு." தம்ளரைக் கீழே வைத்தாள். "ஆடலாம்னுதான் போய் நின்னேன். பாட்டு கேட்டுச்சு. அப்பால, படில குந்திகினு காப்பி கேட்டதுதான் ஞாபகம் கீது."

அவள் சுகன்யாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கை நனைந்திருந்தது.

"இத்தினி வருசமா ஆடினது நாந்தான். இன்னிக்கு ஆடினது யாருடி?"